வெங்காயத்தைப் பச்சை நிலைக்குக் கொண்டுவருதல் தொடர்பாக

ஆனைக்கல்பட்டி ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில், செப்டம்பர் மாதம் ஒன்பதாம் நாள் முற்பகல் பதினொரு மணிக்கு ஆஜராகியிருந்தவர்களும் அவர்கள் அமர்ந்திருந்த இடங்களும் வருமாறு:

'மண் முதல் வாய் வரை' இயக்கத்தின் மாவட்ட ஒருங்கிணைப்பாளர் திரு. அரங்கநாதன், வேப்பமரத்து நிழலில், கல்யாண மண்டபத்திலிருந்து வரவழைத்த சிவப்பு மெத்தை நாற்காலியில். அவருக்கு வலப்பக்கம், மடியில் டேப்லெட்டுடன் தொழில்நுட்ப உதவியாளர் முத்தமிழ்செல்வன், பிளாஸ்டிக் நாற்காலியில். இடப்பக்கம் தலைமை ஆசிரியர் ஜெயசீலன், கைப்பிடி உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில். சத்துணவு அமைப்பாளர் செல்லப்பன், நின்றபடி. அவருக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தது. அதில் சால்வையும் பிஸ்கட் தட்டும் இருந்தன. சமையலர் கலியம்மாள், சமையல்கூட வாசலில், கவிழ்த்துப் போட்ட அண்டாவின் மேல். மாணவ மாணவியர் எண்பத்து மூன்று பேர், வெயிலில், தரையில்.

வெங்காயம், மண்ணுக்குள்.

கடைசி வரியைச் செல்லப்பன் கூட்டக் குறிப்பில் எழுதவில்லை. எழுதியிருக்கலாம் என்று பிற்பாடு தோன்றியது.

செல்லப்பன் எதையும் எழுதி வைக்கிற ஆள். வேப்பந்தட்டைப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புத் தமிழாசிரியர், அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று ஒரு கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பிரம்பு வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். அது செல்லப்பன் எலும்பில் இறங்கிவிட்டது. முறையாக எழுதிய கடிதத்துக்கு முறையான பதில் வரும் என்று பதினெட்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து, சம்மதம் என்பதைக்கூடப் 'பார்வை: தங்கள் இல்லத்துக்கு நாங்கள் வந்தது' என்று போட்டுத்தான் எழுதினார் என்பார்கள். அவர் மறுக்கவில்லை.

இயக்கத்தின் சுற்றறிக்கை ஜூலையில் வந்தது. குழந்தைகளுக்குச் சத்தான உணவு பற்றியும், தோட்டம் போடுவது பற்றியும், உணவு எங்கிருந்து வருகிறது என்பது பற்றியும் கற்பிக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியும் ஒரு காய்கறித் தோட்டம் அமைக்க வேண்டும். இயக்கத்தின் பெயரைச் செல்லப்பன் வாசித்துக் காட்டியபோது கலியம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"மண்ணு முதல் வாய் வரையா? வாய்ல மண்ணுன்னு நேரா சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே தம்பி."

ஆனாலும் தோட்டம் போட்டார்கள். அந்தப் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் இருப்பது சின்ன வெங்காயம். ஆடிப் பெருக்கு முடிந்த மறுநாள் எண்பத்து மூன்று பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு கை விதை வெங்காயம் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். நாலு பாத்தி. ஆயிரத்து நாற்பது செடி. செல்லப்பன் ஒரு வாக்குறுதியும் கொடுத்திருந்தார்: வெங்காயம் எடுத்த வாரத்தில், முழு வெங்காயம் போட்ட சாம்பார். அதுவரை சத்துணவுச் சாம்பாரில் வெங்காயம் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் வாசனையை வைத்து நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அரங்கநாதன் எழுந்து பேசினார்.

"குழந்தைகளே! இன்றைய தலைமுறைக்கு உணவு எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. பால் எங்கேருந்து வருதுன்னு கேட்டா பாக்கெட்லேர்ந்துன்னு சொல்றாங்க. என் பையனைக் கேட்டேன். அவனும் அதைத்தான் சொன்னான். எனக்கு மனசு வலிச்சிது. இதை இப்படியே விடக்கூடாதுன்னு, அடுத்த நாளே கிளம்பி உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்துட்டேன்."

எண்பத்து மூன்று பேரில், காலையில் மாட்டைக் கறந்துவிட்டுப் பள்ளிக்கு வந்தவர்கள் பதினொரு பேர். அவர்களும் கைதட்டினார்கள்.

பிறகு இயக்கத்தின் செயலியில் பதிவு செய்வதற்காகத் தோட்டத்தைப் படம் எடுக்கப் போனார்கள். முத்தமிழ்செல்வன் டேப்லெட்டை முதல் பாத்திக்கு மேலே நீட்டினார். அது ஒரு முறை சிணுங்கியது. திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது: 'விளைபொருள் தெரியவில்லை.'

"காய் எங்கே?" என்றார் அரங்கநாதன்.

"மண்ணுக்குள்ள இருக்குங்க சார்" என்றார் செல்லப்பன்.

"எவ்வளவு நாளா?"

"முப்பத்தஞ்சு நாளாங்க."

"இதை ஏன் முன்கூட்டியே தெரிவிக்கலை?"

செல்லப்பனுக்குத் தெரிந்து வெங்காயம் எப்போதும் மண்ணுக்குள்ளேதான் இருந்துவந்திருக்கிறது. அது யாரும் யாருக்கும் தெரிவிக்காத விஷயம்.

"ஒண்ணை எடுங்க. பார்ப்போம்."

ஒன்றைப் பிடுங்கினார்கள். கோலிக்குண்டு அளவு வெங்காயம் இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தது. டேப்லெட் பச்சை காட்டியது. முத்தமிழ்செல்வனுக்கு முகம் மலர்ந்தது. "சார், இது ஓகே ஆயிடுச்சு! ஆனா ஒவ்வொரு செடிக்கும் தனித்தனியா கேக்குது."

"ஆயிரத்து நாற்பதும் வேண்டாம். சிரமம். பத்து சதவீதம் போதும்" என்று அரங்கநாதன் பெருந்தன்மையாகச் சொன்னார்.

நூற்று நாலு செடிகளைப் பிடுங்கிப் படம் எடுத்துத் திரும்ப நட்டார்கள். ஏழாம் வகுப்பு மணிமொழி எழுந்து நின்றாள். செட்டிகுளம் பக்கம் அவள் அப்பா மூன்று ஏக்கரில் வெங்காயம் போடுகிறவர். "சார், புடுங்கிப் புடுங்கி நட்டா அது பெருக்காது சார்."

"உட்காரும்மா. இது கற்றல் நேரம்" என்றார் அரங்கநாதன்.

அன்று மாலையே செல்லப்பன் உட்கார்ந்து, முதலில் வரைவு எழுதி, பிறகு திருத்தமாக நகல் எடுத்து, ஒரு கடிதம் அனுப்பினார். பொருள்: சின்ன வெங்காயம் மண்ணுக்கடியில் விளையும் பயிர் என்பதைத் தெரிவித்தல். ஒன்பது நாளில் பதில் வந்தது. 'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.'

அவர் எதையும் கோரவில்லை. கடிதத்தை இரண்டு முறை படித்தார். வெங்காயம் மண்ணுக்கடியில் விளைவது பரிசீலனையில் இருந்தது.

பரிசீலனையின் முடிவை முத்தமிழ்செல்வன் போனில் சொன்னார். "செல்லப்பன் சார், ஆப்ல மூணே வகைதான் சார் இருக்கு. காய், கனி, கீரை. கிழங்குக்கு இடமே வைக்கல. இப்போதைக்கு உங்க வெங்காயத்தைக் கீரைன்னு போட்டுட்டேன். தாள் பச்சையாத்தானே இருக்கு?"

"தாள் பச்சைதான் தம்பி. ஆனா அது வெங்காயமாச்சே."

"அது எனக்கும் தெரியும் சார், எங்க மாமனார் வூட்டுலயும் வெங்காயந்தான். ஆப்புக்குத் தெரியணும்ல?"

கீரைக்கு வயது இருபத்தைந்து நாள். பதிவான மறுநாளே செல்லப்பனின் போனுக்கு எச்சரிக்கை வந்தது. 'கீரை அறுவடைக் காலம் முடிந்து இருபது நாட்கள் ஆகின்றன. தாமதத்துக்குக் காரணம் தருக: (அ) பூச்சித் தாக்குதல் (ஆ) வறட்சி (இ) அலட்சியம்.' நாலாவது என்று ஒன்று இல்லை. காரணம் தராமல் திரை நகரவும் மறுத்தது.

"பூச்சியும் இல்ல, வறட்சியும் இல்லக்கா" என்றார் செல்லப்பன். பொய் சொல்லி அவருக்குப் பழக்கம் இல்லை.

"அப்ப மூணாவதைப் போடு. ஒனக்குன்னுதான் அதை வச்சிருக்கான்" என்றாள் கலியம்மாள்.

அவர் 'இ' என்று போட்டார். அலட்சியம் என்று ஒப்புக்கொண்டவர்களுக்குப் புத்தாக்கப் பயிற்சி கட்டாயம். அந்த வெள்ளிக்கிழமையே பெரம்பலூரில் ஒரு ஏசி மண்டபத்தில் செல்லப்பன் உட்கார்ந்திருந்தார்.

பயிற்சியின் தலைப்பு, 'துரித உணவைத் தவிர்ப்போம்.' வந்தவர்களுக்கு வாசலிலேயே ஒரு பெட்டி கொடுத்தார்கள். அதில் ஒரு எக் பஃப்ஸ், ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட், கலர் தண்ணீர் ஒரு பாட்டில். திரையில் 'நம் மண்ணின் உணவுகள்' என்று ஸ்ட்ராபெரியும் ப்ரொக்கோலியும் வந்தன. செல்லப்பன் ப்ரொக்கோலியை நோட்டில் படமாகப் போட்டுக்கொண்டார். காலிஃபிளவருக்கு மஞ்சள் காமாலைக்குப் பதிலாகப் பச்சைக் காமாலை வந்த மாதிரி இருந்தது.

அரங்கநாதன் மைக்கைப் பிடித்தார்.

"ஆரோக்கியத்தைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதின்னு சிலர் கேக்கலாம். எனக்குச் சுகர் இருக்கு. பிரஷர் இருக்கு. கொழுப்பு இருக்கு. அனுபவத்துலேர்ந்து பேசுறேன். சின்ன வயசுலேர்ந்து எனக்குக் காய்கறியே ஆகாது. வீட்டுல எவ்வளவோ கெஞ்சியும் சாப்பிட்டதில்லை. அதனாலதான் இந்தப் பொறுப்புக்கு என்னைத் தேர்ந்தெடுத்தாங்கன்னு நினைக்கிறேன். விருப்பு வெறுப்பு இல்லாம வேலை பார்க்கலாம் பாருங்க."

கேள்வி நேரத்தில் செல்லப்பன் கை தூக்கினார். எழுதி வைத்ததை வாசித்தார். "ஐயா, எங்க பள்ளி வெங்காயம் அக்டோபர் எட்டாம் தேதிவாக்குல பக்குவத்துக்கு வரும். ஐப்பசி மழைக்கு முன்னாடி எடுத்துடணும். எடுக்க அனுமதி வேணுங்க."

"எடுக்கறதா?" அரங்கநாதன் பதறிப்போனார். "ஆனைக்கல்பட்டிதானே? நல்லவேளை சொன்னீங்க. கையே வைக்கக் கூடாது! பெரம்பலூர், அரியலூர் ரெண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து நேரடி அறுவடை விழா உங்க பள்ளியிலதான். தலைநகர்லேர்ந்து சிறப்பு விருந்தினர் வராங்க."

"எங்க பள்ளியா சார்? ஏங்க?"

"வேற வழியில்லை செல்லப்பன். மத்த பள்ளித் தோட்டம் எல்லாத்தையும் போய்ப் பார்த்துட்டோம். விளைஞ்சதைப் பிள்ளைங்க பறிச்சுச் சாப்பிட்டுட்டாங்க. ஒரு பள்ளியில தக்காளி, ஒரு பள்ளியில வெண்டைக்காய், மிச்சமே இல்லை. கொஞ்சமும் கட்டுப்பாடு கிடையாது. உங்க பள்ளி ஒண்ணுலதான் இன்னும் யாரும் எதையும் சாப்பிடலை."

மண்டபம் கைதட்டியது. செல்லப்பன் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அக்டோபர் ஆறாம் தேதி தாள் சாய ஆரம்பித்தது. எட்டாம் தேதி நாலு பாத்தியும் சாய்ந்து, நுனி பழுத்துப் படுத்துவிட்டன. வெங்காயம் பெருத்து முடிந்தால் தாள் சாயும். அதுதான் எடுக்கச் சொல்லும் அடையாளம். மணிமொழி இடைவேளையில் வந்து நின்றாள்.

"சார், தாள் சாஞ்சிருச்சு. எங்கப்பாவா இருந்தா இந்நேரம் ஆளு வுட்டுருப்பாரு."

"தேதி வரணும்மா."

"அதுக்குத் தேதி வந்துருச்சு சார். ஒங்களுக்குத்தான் வரல."

விழாத் தேதி வருவதற்கு முன் அரங்கநாதன் வந்தார், முன்னேற்பாடுகளைப் பார்வையிட. பாத்தி ஓரத்தில் நின்றவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"செல்லப்பன்! செடியெல்லாம் செத்துக் கிடக்குதே!"

"சாகலைங்க. வெளைஞ்சிருக்கு."

"விளைஞ்சதுன்னா பச்சையா இருக்க வேண்டாமா? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைக்காதீங்க. நான் தாவரவியல்ல டிப்ளமோ சேர்ந்தவன்."

"முடிச்சீங்களா சார்?" என்று அண்டா மேலிருந்து கலியம்மாள் கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் காதில் விழவில்லை.

தலைமை ஆசிரியர் ஜெயசீலன் இரண்டடி பின்னால் நகர்ந்து, அந்தத் தோட்டத்துக்கும் தமக்கும் நடுவே ஒரு வேப்பமரம் வரும்படி நின்றுகொண்டார்.

குறிப்பாணை அங்கேயே எழுதப்பட்டது. செல்லப்பனின் பேனாவைத்தான் வாங்கி எழுதினார்கள். 'தோட்டப் பராமரிப்பில் கவனக்குறைவால் கீரை காய்ந்த நிலைக்குச் சென்றுள்ளது. மேற்படி பாத்திகளைப் பதினைந்து நாட்களுக்குள் பச்சை நிலைக்குக் கொண்டுவந்து எழுத்து மூலம் அறிக்கை அளிக்க வேண்டும். தவறினால் தங்களைப் பணியிலிருந்து ஏன் விடுவிக்கக் கூடாது என்பதற்கான விளக்கத்தையும் அத்துடன் இணைக்க வேண்டும். விழாவும் அதன் பின்னரான சரிபார்ப்பும் முடியும் வரை, செயலியில் பதிவான விளைபொருள் எதையும் பாத்தியிலிருந்து அகற்றவோ இடம் மாற்றவோ கூடாது.'

"தண்ணி விடுங்க, பச்சையாயிடும்" என்று போகும்போது காருக்குள்ளிருந்து அரங்கநாதன் அன்பாகவும் சொன்னார்.

விளைந்த வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டால் அழுகும். செல்லப்பன் காலி வாளியைத் தூக்கிக்கொண்டு காலையும் மாலையும் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். தண்ணீர் விடுகிற ஆளைப் போல இருந்தது.

விழா அக்டோபர் பதினேழாம் தேதி என்று முடிவானது. வானிலை அறிக்கையில் மழைக்கும் அந்தத் தேதிதான் இருந்தது. காலை எட்டு மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. முத்தமிழ்செல்வன் முன்னால் இறங்கினார். பின்னால் இரண்டு மூட்டை இறங்கியது. பிரித்தார்கள், பெல்லாரி வெங்காயம். ஒவ்வொன்றும் கைப்பிடி அளவு, ரோஸ் நிறம். தமிழ்நாட்டுக்கே சின்ன வெங்காயம் அனுப்புகிற ஊருக்கு, எங்கேயோ வடக்கேயிருந்து வந்த பெரிய வெங்காயம்.

"எதுக்கு தம்பி இது?" என்றார் செல்லப்பன்.

"விளைபொருள் தெரியணும்ல சார். ஒருங்கிணைப்பாளர் சார் சொல்லிட்டாரு. மேலாப்புல வரிசையா அடுக்கணும்."

"அடியில நெசமான வெங்காயமே இருக்கே."

"இருக்கு சார். யாரு இல்லங்கறா? தெரியலையே."

நாலு பாத்தியிலும் மண்ணுக்கு மேல் பெல்லாரியை ஒரு சாண் இடைவெளியில் அடுக்கினார்கள். எண்ணூற்றுப் பதினாறு. காய்ந்த தாள் அவற்றுக்குக் கீழே மெத்தை போல அமைந்தது. முத்தமிழ்செல்வன் டேப்லெட்டை நீட்டினார். ஐந்து வாரத்தில் முதல் முறையாக, பிடுங்காமல் நடாமல், அது தானே பச்சையானது. 'விளைபொருள் தெரிகிறது. பாராட்டுகள்!' அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் எதுவும் உரிக்கப்படவில்லை.

சிறப்பு விருந்தினர் பன்னிரண்டு மணிக்கு வந்து பன்னிரண்டு ஒன்பதுக்குப் புறப்பட்டார். அந்த ஒன்பது நிமிடத்தில் ஒரு வெங்காயத்தைத் தரையிலிருந்து எடுத்து அறுவடை செய்தார். கேமரா ஓடவில்லை என்றார்கள். திரும்ப வைத்து அறுவடை செய்தார். வெளிச்சம் போதவில்லை என்றார்கள். மூன்றாம் முறையும் செய்தார். பிறகு, விளைபொருளை இடம் மாற்றக் கூடாது என்பதால், அதைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டார்.

புறப்படும் முன் மணிமொழியின் கன்னத்தைத் தட்டி, "பாப்பா, இந்த வெங்காயம் எங்கேருந்து வந்தது, சொல்லு பார்ப்போம்" என்றார்.

"வேன்லேர்ந்து சார்."

ஜெயசீலன் கண்ணை மூடிக்கொண்டார். செல்லப்பன் குறிப்பாணை இருந்த சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார்.

விருந்தினர் அரங்கநாதனைத் திரும்பிப் பார்த்தார். "அற்புதம்! விளைபொருள், போக்குவரத்து, விநியோகம். ஏழாம் வகுப்பிலேயே இவ்வளவு தெளிவு! எப்படிச் சாதிச்சீங்க?"

"எல்லாம் தொடர் பயிற்சிதான் சார்" என்றார் அரங்கநாதன். மணிமொழிக்கு அந்த இடத்திலேயே ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். உணவு எங்கிருந்து வருகிறது என்பதைச் சரியாக அறிந்தமைக்காக.

கார்கள் போன புழுதி அடங்குவதற்குள் பச்சைமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று மாறி, மண் வாசனை ஏறியது. பிள்ளைகள் யாரும் வகுப்புக்குப் போகவில்லை. பாத்தியைச் சுற்றி நின்றார்கள். சும்மா நின்றார்கள். மணிமொழி சான்றிதழை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சார், இன்னிக்கு மழ பேஞ்சா அவ்வளவுதான். மண்ணுக்குள்ளயே அழுகிரும். நான் எங்கம்மாவ ஏமாத்திட்டு ஒரு கை வெங்காயம் கொண்டாந்தேன் சார். விதை வெங்காயம்."

"நானும் சார்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அதன்பின் வரிசையாக எல்லாரும் சொன்னார்கள்.

செல்லப்பன் குறிப்பாணையை எடுத்துப் படித்தார். பிறகு மறுபடியும் படித்தார், வார்த்தைக்கு வார்த்தை விரலை வைத்து. பதினெட்டு வருடத்தில் அவர் ஒரு உத்தரவையும் மீறியதில்லை. இப்போதும் மீற உத்தேசம் இல்லை.

"அக்கா, 'செயலியில் பதிவான விளைபொருள்'னு போட்டிருக்கு. செயலியில பதிவானது என்ன? எண்ணூத்துப் பதினாறு பெல்லாரி. அதைத் தொடக் கூடாது. சரி. மண்ணுக்குள்ள இருக்கறதப் பத்தி ஆப் என்ன சொன்னுச்சு? வெளைபொருள் தெரியலன்னுச்சு. பத்து சதவீதத்தைப் பார்த்துச்சு, அதையும் கீரைன்னு எழுதிருச்சு. கீரை காஞ்சு போச்சுன்னு இதுல ஒருங்கிணைப்பாளரே கையெழுத்துப் போட்டிருக்காரு. அப்ப இந்தப் பாத்திக்கு அடியில அரசாங்கக் கணக்குப்படி ஒண்ணுமே இல்ல. இல்லாததை எடுத்தா, எதை எடுத்ததா ஆவும்?"

கலியம்மாள் அண்டாவிலிருந்து எழுந்தாள். "இதுக்கா தம்பி ரெண்டு தரம் படிச்ச? வானத்தப் பாரு. புள்ளைங்களா, எறங்குங்க!"

"இருங்க, இருங்க. இடம் மாத்தக் கூடாதுன்னும் போட்டிருக்கு" என்றார் செல்லப்பன்.

இந்த ஒன்றுதான் சிக்கலாக இருந்தது. பெல்லாரியை நகர்த்தாமல் அடியில் இருப்பதை எடுக்க முடியாது. ஒரு நிமிடம் யோசித்து ஒரு முறை வகுத்தார். மூன்று மூன்று பேராகப் பிரித்தார். ஒரு பிள்ளை பெல்லாரியைத் தூக்கி, அது இருந்த இடத்துக்கு நேர் மேலே, ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது பிள்ளை கீழே இருக்கும் செடிகளைப் பிடுங்க வேண்டும். மூன்றாவது பிள்ளை மண்ணைச் சமமாக்க வேண்டும். அதன்பின் பெல்லாரி இறங்கும். இடம் மாறவில்லை, உயரம்தான் கொஞ்ச நேரம் மாறியது. உயரத்தைப் பற்றிக் குறிப்பாணையில் எதுவும் இல்லை.

ஜெயசீலன் வராந்தாவிலிருந்து கூப்பிட்டார். "செல்லப்பன், நான் எதையும் பார்க்கலை. நான் ஸ்டாஃப் ரூம்ல இருக்கேன்." அந்தப் பள்ளியில் ஸ்டாஃப் ரூம் கிடையாது. சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலாவது பாத்தியில் குனிந்தார்.

மண்ணைக் கிளறியதும் கொத்துக் கொத்தாக வந்தது. செப்டம்பரில் பிடுங்கிப் படம் எடுத்துத் திரும்ப நட்ட நூற்று நாலு மட்டும் கோலிக்குண்டாகவே நின்றுவிட்டிருந்தன. மணிமொழி அவற்றில் ஒன்றைத் துடைத்துச் செல்லப்பனிடம் காட்டினாள். மற்றதெல்லாம் சிவந்து, திரண்டு, காய்ந்த தாளோடு கைக்கு இதமாக இருந்தது. கடைசிக் கூடை வராந்தா ஏறும்போது முதல் சொட்டு விழுந்தது. மணி நாலு இருபது. செல்லப்பன் குறித்துக்கொண்டார்.

மூன்று நாள் விடாமல் பெய்தது. பெல்லாரிகள் எண்ணூற்றுப் பதினாறும் பதிவான இடத்தில் பதிவானபடியே நனைந்தன.

வியாழக்கிழமை சாம்பார். கலியம்மாள் வெங்காயத்தை நறுக்க மறுத்துவிட்டாள். முழுசு முழுசாகப் போட்டாள். வழக்கமாகத் தட்டில் வெங்காயத்தைத் தேடுகிற பிள்ளைகள், அன்று வெங்காயத்துக்கு நடுவே சாம்பாரைத் தேடினார்கள். இரண்டாம் முறை கேட்டு வராத பிள்ளை ஒன்றுகூட இல்லை. சத்தான உணவின் முக்கியத்துவம் பற்றி யாரும் உரையாற்றவில்லை.

"எவ்வளவு ஊத்துனாலும் போதல தம்பி இதுங்களுக்கு" என்று கரண்டியோடு வந்து குறை சொன்னாள் கலியம்மாள். குறை சொல்கிற முகமாக அது இல்லை.

குறிப்பாணையின் பதினைந்தாம் நாள் வந்தது. அன்றைக்கும் வெங்காயச் சாம்பார்தான். கலியம்மாள் சோறு வடித்து, சாம்பாரை ஊற்றிக் கிளறி ஒன்றாக்கிவிட்டிருந்தாள். செல்லப்பன் சாப்பிடப் போகவில்லை. பச்சை நிலை என்று ஒன்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் பணி விடுவிப்புக்கான விளக்கம் எழுத வேண்டும். பொய் எழுத வராது. வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு, பழக்கத்தில், பாத்திப் பக்கம் நடந்தார்.

நடந்தவர் நின்றார்.

பெல்லாரிகளில் கொஞ்சம் அழுகிக் குழைந்திருந்தன. மிச்சமெல்லாம் ஈர மண்ணில் வேர் விட்டுப் பிடித்துக்கொண்டு, உச்சியில் முளை கிளம்பி, கிளிப் பச்சையில் விரல் நீளத்துக்கு நிமிர்ந்து நின்றன. வரிசை வரிசையாக. ஒரு சாண் இடைவெளியில். நாலு பாத்தியும் பச்சை.

செல்லப்பன் வாளியைக் கீழே வைத்தார். வராந்தாவுக்கு வந்து, உட்கார்ந்து, வரைவு இல்லாமலே எழுதினார். அப்படி எழுதுவது அவருக்கு அதுவே முதல் முறை.

'அனுப்புநர்: கா. செல்லப்பன், சத்துணவு அமைப்பாளர், ஆனைக்கல்பட்டி.

பெறுநர்: மாவட்ட ஒருங்கிணைப்பாளர், மண் முதல் வாய் வரை இயக்கம்.

பொருள்: வெங்காயத்தைப் பச்சை நிலைக்குக் கொண்டுவருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் குறிப்பாணை.

ஐயா, பார்வையில் கண்ட குறிப்பாணையின்படி, மேற்படி நாலு பாத்திகளும் இன்று பச்சை நிலையில் உள்ளன என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். செயலியில் பதிவான விளைபொருள்கள் எதுவும் அகற்றப்படவில்லை, இடம் மாற்றப்படவில்லை. அவை தாமாக வேர் விட்டுள்ளதால் இனியும் இடம் மாறா. எனவே, என்னைப் பணியிலிருந்து ஏன் விடுவிக்கக் கூடாது என்பதற்கான விளக்கம் இத்துடன் இணைக்கப்படவில்லை. பாத்திகளைத் தங்கள் செயலி எப்போது வேண்டுமானாலும் பார்வையிடலாம். பிள்ளைகள் நலம். உணவு எங்கிருந்து வருகிறது என்பதை அவர்கள் அறிவார்கள். மறுமுறை வரும்போது ஏதேனும் சந்தேகம் இருந்தால் அவர்களைக் கேட்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள.'

"என்ன தம்பி எழுதுன?" என்றாள் கலியம்மாள்.

"உள்ளதத்தான்க்கா."

தாளை மூன்றாக மடித்து உறைக்குள் போட்டார். பசை டப்பா காய்ந்திருந்தது. எப்போதும் போல ஒட்டுவதற்கு வெள்ளைச் சோறு கேட்டார். அன்றைக்கு வெள்ளைச் சோறு இல்லை. மணிமொழி தன் தட்டிலிருந்து நாலு பருக்கை எடுத்துக் கொடுத்தாள். மஞ்சளாக, சாம்பார் வாசனையோடு இருந்தன. செல்லப்பன் ஒரு கணம் தயங்கிவிட்டு, அவற்றை உறை ஓரத்தில் வைத்துக் கட்டை விரலால் நசுக்கி இழுத்து ஒட்டினார். மூடின இடத்தில் மஞ்சள் கோடு ஒன்று நன்றாகத் தெரிந்தது. வேறு உறை மாற்றலாமா என்று பார்த்தார். மாற்றவில்லை.

மதியத் தபாலோடு வந்த தங்கராசு வண்டியை அணைக்காமலே கையை நீட்டினார். உறையை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"என்ன சார், லெட்டர்ல வெங்காயச் சாம்பார் வாசனை அடிக்குது?"

"அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார் செல்லப்பன்.

தங்கராசு அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வேப்பந்தட்டை பக்கம் வண்டியைத் திருப்பினார்.